குளச்சலில் வாங்கப் பார்க்கும் வீட்டில் சுவர் ஓதம்: காரணத்தை எப்படிப் பிரிச்சறியறது?

குளச்சல் பக்கம் 5 சென்டில் 1,100 சதுர அடி வீடு விலைக்குப் பார்த்திருக்கோம். 2008-ல் கட்டினது, கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர். உள்சுவரில் தரையிலிருந்து இரண்டடி வரை ஓதம். பீரோவை நகர்த்தினா பெயிண்ட் பொரிஞ்சிருக்கு, தடவினா வெள்ளையா உப்பு விரலில் ஒட்டுது. மற்ற இடமெல்லாம் புதுப் பெயிண்ட், அதுதான் பயமா இருக்கு.

வில்லங்கம் 30 வருஷத்துக்குப் பார்த்தாச்சு, பட்டாவும் சரி. எல்லாக் குழாயையும் அடைச்சு மேல் டேங்கில் மட்டம் குறிச்சோம். ராத்திரி முழுக்க இறங்கலை, அதனால டேங்கிலிருந்து வர்ற தண்ணிக் குழாயில் கசிவு இல்லை. பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டினதில், இரண்டாம் நாள் சுவர்ப் பக்கம்தான் நீர் கோர்த்திருந்தது, அதனால ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருது. கிணற்றுத் தண்ணி உவர்ப்பு.

அஸ்திவாரத்துக்கு மேல ஓதத் தடுப்பு போடாததா, உவர்த்தண்ணியில் பூசினதா? பூச்சை முழுசா உடைக்காம இதைக் கண்டுபிடிக்க என்ன வழி?