விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டும் ஒரே கணினியில்: பூட்டுகளைக் கழற்றாமல் வைத்துக்கொள்வது

(சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து எழுதியவர்களின் குறிப்புகள்)

செங்காங்கிலிருந்து

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே கணினி. பிள்ளைகளுக்கு விண்டோஸ் 11 வேண்டும், பெரியவர்களுக்கு லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) வேண்டும் என்றால் இரண்டையும் ஒன்றாக வைக்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் எடுத்த எடுப்பிலேயே ‘செக்யூர் பூட்டை அணை, பிட்லாக்கரை அணை’ என்கின்றன. செக்யூர் பூட், கணினி எழும்போது (பூட் ஆகும்போது) கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல். பிட்லாக்கர், வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் (என்கிரிப்ட் செய்யும்) பூட்டு. அவற்றை அணைக்கச் சொல்வதைத்தான் மறுக்க வேண்டும். வங்கிக் கணக்கும் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸும் திறக்கும் கணினியில் இரண்டு பூட்டும் இருந்தபடியே லினக்ஸை ஏற்ற முடியும்.

லினக்ஸ் நிறுவியை எழுதத் தம்ப்டிரைவ் 8 ஜிபி போதும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-இன் கோப்பே ஏறக்குறைய 6 ஜிபி. இறக்கியதும் அதன் ஷா-256 எண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை போன்ற நீண்ட எண்) உபுண்டு தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்து பொருந்தினால் போதாது, முழுதும் பொருந்த வேண்டும். தம்ப்டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் செயலியில் ஜிபிடி (வட்டைப் பிரிக்கும் புதிய முறை), யூஇஎஃப்ஐ (கணினி எழும் புதிய முறை) என்று தேர்ந்தெடுங்கள். ‘லெகஸி’ என்ற பழைய முறையில் எழுதிய தம்ப்டிரைவ் பூட் ஆகாமல் போகும், அல்லது விண்டோஸோடு ஒட்டாத லினக்ஸை ஏற்றிவிடும்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். பிட்லாக்கர் போட்ட பார்ட்டிஷனை (வட்டின் பகுதியை) லினக்ஸ் நிறுவியால் சுருக்க முடியாது. 200 ஜிபி காலியாக இருந்தும் ‘3 ஜிபி மட்டுமே சுருக்கலாம்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஹைபர்நேட் கோப்பு (கணினி உறங்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது), பேஜ் கோப்பு (நினைவகம் போதாதபோது உதவுவது), ரீஸ்டோர் பாயிண்ட் (முந்தைய நிலைக்குத் திரும்ப உதவுவது) ஆகிய மூன்றும் நகராத கோப்புகள். அவை வட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கிவிட்டு, பேஜ் கோப்பையும் ரீஸ்டோர் பாயிண்ட்டையும் திரும்ப இயக்குங்கள். ஹைபர்நேட் அணைந்தே இருக்கட்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸுக்கு 60 ஜிபி இருந்தால் நிம்மதி.

மற்றவர்கள் பார்த்த சிக்கல்களையும் எழுதுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து

எதற்கும் முன்னால், பிட்லாக்கர் திறக்க மறுத்தால் வட்டைத் திறக்கும் மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைந்தால் வட்டு தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பிலும்தான், அங்கே அதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர். வட்டு பூட்டப்பட்டிருப்பதே தெரியாமல் பலர் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) கைவைக்கிறார்கள்.

கட்டளைத் திரையான டெர்மினலை நிர்வாகியாகத் திறந்து ‘மேனேஜ்-பிடிஇ’ கட்டளையை ‘-ஸ்டேட்டஸ்’ சேர்த்து ஓட்டுங்கள். ‘100 சதவீதம் என்கிரிப்ட்’, ‘புரொடெக்ஷன் ஆன்’ என்று வந்தால் பூட்டு முழுதாக வேலை செய்கிறது. ‘100 சதவீதம் என்கிரிப்ட்’, ஆனால் ‘புரொடெக்ஷன் ஆஃப்’ என்றால் சாவி பூட்டிலேயே தொங்குகிறது என்று பொருள். சாவி இன்னும் எங்கும் சேமிக்கப்படாத கணினியிலும், தற்காலிகமாக நிறுத்திவைத்த கணினியிலும் இப்படிக் காட்டும்.

மீட்புச் சாவி 48 இலக்கம். மைக்ரோசாப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் மூன்று கணினி இருந்தால் மூன்று சாவி இருக்கும். எது எதற்கு என்பதைச் சாவியின் அடையாளக் குறியான கீ ஐடியின் முதல் 8 எழுத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த எட்டோடு சேர்த்துக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். யாருடைய கணக்கில் கணினி முதன்முதல் திறக்கப்பட்டதோ அவர் கணக்கில்தான் சாவி இருக்கும். அது அப்பாவின் பழைய மின்னஞ்சலாகவும் இருக்கலாம்.

பயாஸில் எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் பிட்லாக்கரை நீக்க வேண்டியதில்லை, நிறுத்திவைத்தால் போதும். ஹோம் பதிப்பின் செட்டிங்ஸில் ‘சஸ்பெண்ட்’ பொத்தான் இல்லை. அங்கே அணைத்தால் வட்டு முழுவதையும் திரும்ப அவிழ்க்கத் தொடங்கிவிடும், நேரமும் போகும். அதே மேனேஜ்-பிடிஇ-யில் ‘-புரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி: -ஆர்சி 2’ என்று கொடுங்கள். இரண்டு ரீஸ்டார்ட் வரை பூட்டு சும்மா இருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். ‘ஆர்சி 0’ கொடுத்தால் நீங்களாக இயக்கும்வரை பூட்டாது. அதைக் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ரைசன் (ஏஎம்டி சிபியு) கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பயாஸ் புதுப்பித்த பிறகோ சிபியு மாற்றிய பிறகோ கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் (சிபியுவுக்குள்ளேயே இருந்து பூட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம்) பற்றி ஒரு கேள்வி வரும்: ரீசெட் செய்ய ‘ஒய்’, விட்டுவிட ‘என்’. ‘ஒய்’ அழுத்தினால் டிபிஎம்-மில் இருந்த சாவி போய்விடும், 48 இலக்கமும் கையில் இல்லாவிட்டால் வட்டு போனது போனதுதான். சாவி உறுதியாக இருக்கிறது என்று தெரியும்வரை ‘என்’.

தோ பாயோவிலிருந்து

கடிகாரம் 8 மணி நேரம் தவறாகக் காட்டும் கோளாறு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் இரவு 8 மணி, பகல் 12 ஆகத் தெரியும். சாதனத்தில் கோளாறு எதுவும் இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருப்பதால் வித்தியாசம் துல்லியமாக எட்டு.

லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும். சிங்கப்பூரில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் இந்த எளிய வழி இங்கே பிரச்சினை தராது. மதர்போர்டு பேட்டரியை வாங்கி மாற்றாதீர்கள். நேரம் தவறினால் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் குறியீடு தரும் செயலிகள் தவறான எண்ணைக் காட்டும் என்பதால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ‘ஷட் டவுன்’ அழுத்தினாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் போகிறது. அந்த நிலையில் விண்டோஸ் பார்ட்டிஷனையோ பொதுவான டி டிரைவையோ லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ‘பெர்மிஷன் பிரச்சினை’ என்று எண்ணி வற்புறுத்தி எழுத வைத்தால் கோப்புகள் கெடும். நிர்வாகி டெர்மினலில் ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ கொடுங்கள், ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போகும். செங்காங் நண்பர் ஹைபர்நேட்டைத் திரும்ப இயக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் எல்லாம் சுலபம் என்ற கருத்தை நானும் ஏற்கவில்லை. உபுண்டு, ஃபெடோரா இரண்டின் பூட் கோப்பிலும் மைக்ரோசாப்ட் கையொப்பம் உண்டு. அணைக்காமலே ஏறும். வேலரண்ட் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 இரண்டும் இல்லாமல் அது திறக்காது.

சிக்கல் எங்கே வரும் என்றால் என்விடியா திரை அட்டையின் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் செயலி) போன்றவற்றில். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், 8 எழுத்தாவது வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் ‘மோக்’ (கணினி உரிமையாளரே சேர்க்கும் கையொப்பச் சாவி) மேலாளர் வரும். 10 விநாடிக்குள் ஒரு விசையைத் தொடாவிட்டால் அது போய்விடும், டிரைவர் ஏறாது, திரை மங்கலான அளவில் நிற்கும். ‘என்ரோல் மோக்’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ரீபூட். தவறவிட்டால் ‘மோக்யூட்டில்’ கட்டளையின் ‘--இம்போர்ட்’ வழியாகத் திரும்பக் கேட்கவைக்கலாம். இந்தக் கடவுச்சொல் ஒருமுறைக்குத்தான், எளிதாகவே வையுங்கள்.

வட்டைத் திறக்கும் கடவுச்சொற்களில் தமிழ் எழுத்து வைக்காதீர்கள். தமிழ்99, அஞ்சல் என எந்த விசைப்பலகையும் இயங்குதளம் எழுந்த பிறகுதான் வேலை செய்யும். கடவுச்சொல் கேட்கும் திரை அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அமெரிக்க ஆங்கில விசைப்பலகையில் தட்டக்கூடிய எழுத்துகளே போதும்.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்பில் பழைய பூட் கோப்புள்ள லினக்ஸ்கள் ‘எஸ்பேட் சோதனை தோல்வி’ என்று நின்றுபோயின (எஸ்பேட் என்பது பாதுகாப்பற்ற பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு). அப்போது செக்யூர் பூட்டைச் சற்று அணைத்து, லினக்ஸில் நுழைந்து எஸ்பேட் கொள்கையை அழித்து, பூட் கோப்பைப் புதுப்பித்து, உடனே திரும்ப இயக்குவதே வழியாக இருந்தது. திரும்ப இயக்காமல் விட்ட கணினிகள் இன்றும் இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2011-இல் தந்த செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலமும் 2026 ஜூனிலிருந்து முடிகிறது, 2023 சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. காலம் முடிந்ததும் கணினி நின்றுவிடாது, ஆனால் பின்னால் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்க முடியாமல் போகும். இரண்டு இயங்குதளத்தையும் பயாஸையும் புதுப்பித்தே வையுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து மீண்டும்

உட்லண்ட்ஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாம் சரியாக நிறுவிய பிறகும் ‘விண்டோஸ் திறக்கும்போதெல்லாம் 48 இலக்கம் கேட்கிறது’ என்று புலம்புபவர்கள் அநேகமாக லினக்ஸோடு வரும் கிரப் என்ற தொடக்க மெனுவிலிருந்து விண்டோஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணினி எழும்போது எந்தக் கையொப்பத்தின் வழியாக வந்தது என்பதை டிபிஎம் குறித்துக்கொள்கிறது. லினக்ஸின் பூட் கோப்பு வழியாகச் சுற்றி வந்தால் குறிப்பு மாறுகிறது, டிபிஎம் சாவியைத் தர மறுக்கிறது. அது சரியாகத்தான் வேலை செய்கிறது. கணினியின் சொந்த பூட் மெனுவிலிருந்து ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ நேராகத் தேர்ந்தெடுங்கள். லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12, எச்பி-யில் எஃப்9.

பிடோக்கிலிருந்து

பள்ளி வழியாக வந்த தனிப்பட்ட கற்றல் சாதனத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் சாதனங்களில் மேலாண்மைச் செயலி இருக்கிறது. இன்னொரு இயங்குதளம் ஏற்றினால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டியதாகும், பதில் சொல்வது பிள்ளை. அலுவலக மடிக்கணினிக்கும் இதே. லினக்ஸ் கற்க வேண்டும் என்றால் வீட்டுக் கணினியில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போதும். விர்ச்சுவல்பாக்ஸின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் அது விண்டோஸின் சொந்த மெய்நிகர் அடுக்கான ஹைப்பர்-வி-யின் மேல் ஓடுகிறது என்று பொருள், மெதுவாகத்தான் இருக்கும். அதற்காக விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிடாதீர்கள், இயங்குதளத்தின் மையமான கர்னலைக் காக்கும் வேலி அது.

விண்டோஸ் பூட்டியிருக்க லினக்ஸ் பக்கம் திறந்தே கிடப்பதும் சரியில்லை. நிறுவும்போதே லினக்ஸின் வட்டுப் பூட்டான லக்ஸ் என்கிரிப்ஷன் போடுங்கள், ஃபெடோரா நிறுவியில் காலி இடத்துக்கு மட்டும் போட வசதி உண்டு. ஃபெடோராவில் ஃபயர்வால் இயங்கியபடியே வரும், உபுண்டுவில் அணைந்து வரும், ‘யுஎஃப்டபிள்யூ எனேபிள்’ என்று நீங்கள்தான் இயக்க வேண்டும்.

ஈசூனிலிருந்து

லினக்ஸ் வேண்டாம் என்று எடுப்பவர்களுக்கு. பார்ட்டிஷனை முதலில் அழித்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரைதான். முதலில் மீட்புச் சாவியைக் கையில் வையுங்கள். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முறை விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து சி டிரைவை நீட்டுங்கள். 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில், கணினியை எழுப்பும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று தெரியும், அது இரண்டுக்கும் பொது, அதைத் தொட்டால் விண்டோஸும் எழாது. அதற்குள் ‘உபுண்டு’ என்ற சிறிய கோப்புறை தங்கிவிடும், இருந்தாலும் கெடுதல் இல்லை. எல்லாம் முடிந்ததும் மேனேஜ்-பிடிஇ ஸ்டேட்டஸை இன்னொரு முறை ஓட்டி ‘புரொடெக்ஷன் ஆன்’ வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.