ரிகர்ஷன் இல்லாமல் டிஎஃப்எஸ்: முனை முடியும் நேரத்தை எங்கே குறிப்பது?

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு, அல்காரிதம் அசைன்மென்ட், மூன்று நாளாக இதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன். சி மொழியில் ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) வைத்து எழுதிய டிஎஃப்எஸ் (கிராஃபில் ஒரு பாதையில் கடைசிவரை போய்த் திரும்பும் தேடல்) 100 முனைகளுக்குச் சரியாக ஓடுகிறது, 10 லட்சம் முனைகள் ஒரே சங்கிலியாக நீளும் டெஸ்ட்டில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து ப்ரோக்ராம் நின்றுவிடுகிறது. உபுண்டு, ஜிசிசி, ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) வரம்பு 8 எம்பி.

அரேக்களை குளோபலாக்கினேன், பயனில்லை. ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் ஒரே ஃபங்ஷன் பெயர் திரை திரையாக ஓடுகிறது. ஸ்டாக் வரம்பை எடுத்துவிட்டால் ஓடிவிடும், ஆனால் மதிப்பிடும் கணினியில் அதைத் தொட முடியாது. சரி என்று சொந்தமாக ஒரு ஸ்டாக் வைத்து லூப்பாக எழுதினேன், ஃபால்ட் போய்விட்டது, அப்புறம் பார்த்தால் டோப்பலாஜிக்கல் வரிசை, அதாவது ஒவ்வொரு முனையும் அது சுட்டும் முனைகளுக்கு முன்னால் வரவேண்டிய வரிசை, மொத்தமும் தப்பு (முனையை வெளியே எடுத்த உடனேயே முடிந்ததாகக் குறித்துவிடுகிறேன், சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்). வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

ஒரு முனையின் அண்டை முனைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்பதை லூப்பில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?