சென்னை மண்டலம் 3 ஆனதால் 1996இல் கட்டிய வீட்டுக்கு ஆபத்தா?

கேள்வி: எங்கள் மூன்று மாடிக் குடியிருப்பு 1996இல் கட்டியது. அப்போது சென்னை நிலநடுக்க மண்டலம் 2, இப்போது 3 என்கிறார்கள். பூமி மாறிவிட்டதா?

பதில்: இல்லை, மதிப்பீடுதான் மாறியது. 1993இல் மகாராஷ்டிராவின் லாத்தூர் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது அந்த இடம் வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் 1. அப்புறம் 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம். 2002இல் ஐஎஸ் 1893 என்ற, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர விதியைத் திருத்தி மண்டலம் 1ஐயே எடுத்துவிட்டார்கள். சென்னை 3க்குப் போனது. மண்டலக் காரணி, அதாவது கட்டடம் எவ்வளவு அதிர்வைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடப் பயன்படும் எண், 0.10இலிருந்து 0.16 ஆனது.

இன்னொரு பதில்: இருபது வருடமாகக் கட்டுமானத் தளத்தில் நிற்கிறேன். வரைபடம் மாறினால் போதாது சார், கம்பி கட்டுபவரின் கையும் மாற வேண்டும். பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும். 90இல் விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். போன மாதம்கூட ஒரு தளத்தில் எட்டுப் பில்லரை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வைத்தேன். சரி, உங்கள் தரைத்தளம் சுவரில்லாத கார் நிறுத்துமிடமா? பூஜிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன.

கேட்டவர்: ஆமாம் சார், கீழே வெறும் பன்னிரண்டு பில்லர்தான். ஞாயிறு சங்கக் கூட்டத்தில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.