எலுமிச்சை, சாத்துக்குடிக் காயில் பொருக்கு: ஸ்கேப்பா, கேங்கரா, காற்றுத் தழும்பா?

இந்தப் பொருக்கு எதனால் வருகிறது, எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நாற்றங்கால், லென்ஸ், தரம்பிரிப்பு, ஆய்வக மேசை என்று நான்கு கோணத்தில் பதில் இதோ.

நாற்றங்கால்:
நம் பேச்சில் எல்லாமே ‘சொறி’தான். பூஞ்சணத்தால் வரும் ஸ்கேப்பும் சொறி, பாக்டீரியாவால் வரும் கேங்கரும் சொறி. குழப்பம் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் காயை அப்படியே விட்டுவிட்டு முதலில் இலையைப் புரட்டிப் பாருங்கள். கேங்கர் புண் இலையின் இரண்டு பக்கமும் தெரியும். ஓரத்தில் எண்ணெய் ஊறினாற்போல் ஒரு வளையம், அதைச் சுற்றி மஞ்சள். ஸ்கேப் அப்படி இல்லை. ஒரு பக்கம் கூம்பாகப் புடைத்திருக்கும், அதற்கு நேர் பின்னால் குழிந்திருக்கும். புள்ளிகள் நெருங்கினால் இலையே நெளிந்து கோணிக்கொள்ளும்.

ஒட்டுக் கட்ட வேர்ச்செடியாக வளர்க்கும் ஜம்பேரி எலுமிச்சை நாற்றுகளில் இது நன்றாகத் தெரியும். மொட்டிலிருந்து வெளிவந்த கொழுந்துதான் எளிதில் மாட்டும்; முழுதாக விரிந்த இலையில் புதிதாகத் தொற்றாது. முற்றிய இலையில் பொருக்கு இருந்தால் அது துளிர்க் காலத்து வடு.

பத்துமடங்கு லென்ஸ்:
மஞ்சள் வளையத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய கேங்கர் புண்ணில் அது மங்கிப்போகும். மரம் எதுவென்று பார்ப்பது அதைவிடப் பயன். புளிப்பு எலுமிச்சையில் சொறி என்றால் முதல் சந்தேகம் கேங்கர் மேல்தான். அதில் ஸ்கேப் அரிது. பொதுவான ஸ்கேப்பை உண்டாக்கும் எல்சினோ ஃபாசெட்டி என்ற பூஞ்சணம் சாத்துக்குடியையும் பெரும்பாலும் தொடாது. சாத்துக்குடியில் இலை சுத்தமாக இருந்து காயில் மட்டும் தட்டையான, கொஞ்சம் வழவழப்பான பொருக்கு வந்தால் அதன் இன்னோர் இனமான எல்சினோ ஆஸ்ட்ராலிஸ் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் இது உறுதியானது 2010-ல்தான். இந்தச் சந்தேகம் வந்தால் காயைத் தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் பயிர்ப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தரம்பிரிப்பு:
காயில் ஏமாற்றுபவை வேறு. கண்ணை விடுங்கள், விரலால் தடவுங்கள். மணல்தாள் மாதிரி சொரசொரவென்று, கரும்பழுப்புப் பொடிப்புள்ளிகள் நீர் வடிந்த தடமாக இறங்கினால் அது மெலனோஸ் என்ற வேறொரு பூஞ்சண நோய். காம்பைச் சுற்றி வெள்ளி நிற வளையம் என்றால் இலைப்பேன். கிளை உரசும் பக்கம் மட்டும் தட்டையாகச் சாம்பல் பூத்திருந்தால் காற்றுத் தழும்பு. ஸ்கேப் மருவைப் போல எழும்பி நிற்கும். இளசில் வெளிர் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் பழுப்பு, முற்றினால் அழுக்குச் சாம்பல்.

ஆய்வக மேசை:
எங்களுக்கு வரும் மாதிரிகளில் பாதிக்கு மேல் முற்றிய பொருக்குதான். அதில் எல்சினோவைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அது மெதுவாக வளர்வது. ஒரு மாதம் ஆனாலும் ஓரிரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, மூளை மடிப்பு போல மேடாகத்தான் நிற்கும். அதற்குள் பொருக்கில் ஒட்டிக் கிடக்கும் கொலெட்டோட்ரிக்கம் என்ற வேறொரு பூஞ்சணம் வளர்ப்புத் தட்டு முழுவதையும் மூடிவிடும். அதைப் பார்த்து, அது உண்டாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய் என்று முடிவு எழுதுவதுதான் வழக்கமான தவறு.

எனவே புதிய, இளஞ்சிவப்பு நிறப் புண் உள்ள துளிரையும் பிஞ்சையும் காகித உறையில் அனுப்புங்கள். ஈரப் பாலித்தீன் பை வேண்டாம், வழியிலேயே அழுகிவிடும்.

கேங்கரை விலக்க ஐந்து நிமிடம் போதும். புண்ணின் ஓரத்தைப் பிளேடால் மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மூடி, 100 மடங்கில் பாருங்கள். வெட்டிய விளிம்பிலிருந்து புகை கிளம்புவதுபோல் பாக்டீரியா வழிந்தால் கேங்கர். எதுவும் வழியாவிட்டால் ஸ்கேப் என்று எழுதிவிடாதீர்கள். கேங்கர் வாய்ப்புக் குறைந்தது, அவ்வளவே. இரண்டு எல்சினோ இனங்களையும் பிரிக்க, மரபணுவைப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைதான்.

நாற்றங்கால்:
மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொருக்கு கண்ணில் பட்ட பிறகு காப்பர் பூஞ்சணக்கொல்லி அடித்தால் அந்தக் காய் தெளியாது. முன்கூட்டியே மூன்று தெளிப்பு வேண்டும்: துளிர் கால்வாசி விரியும்போது ஒன்று, பூவிதழ் உதிரும்போது ஒன்று, அதற்கு 3 வாரம் கழித்து ஒன்று. இதழ் உதிர்ந்த பிறகு சுமார் 6 முதல் 8 வாரம்வரை பிஞ்சு தொற்றை ஏற்கும். ஈரம் மூன்று நான்கு மணி நேரம் நின்றாலே பூஞ்சண வித்து தொற்றப் போதும் என்பதால், நாற்றங்காலில் தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தாமல் மருந்தை மட்டும் கூட்டிப் பயனில்லை.

தரம்பிரிப்பு:
சாறு பிழியப் போகும் பழம் என்றால் லேசான ஸ்கேப்புக்கு அந்த மூன்று தெளிப்பும் தேவையா என்று யோசியுங்கள். பொருக்கு தோலோடு நின்றுவிடும், சுளைக்குள் இறங்காது.