கிழவியா, பேயா? முதலில் பல்லை எண்ணுங்கள்

ஓலைக்கிறுக்கன்: செம்போத்து நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து தலை காய்கிறது. "இடைக்காலத் தமிழில் பெண்ணின் சொல் எடுபட வேண்டுமென்றால் அவள் முதலில் கிழவியாக வேண்டும், ஔவையும் காரைக்கால் அம்மையாரும் சாட்சி" என்கிறார். அம்மையார் எப்போது கிழவியானார்? சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் என்ன சொல்கிறார் பாருங்கள். கணவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைத்து, குடும்பத்தோடு வந்து காலில் விழுகிறான். உடனே இவர் "இவனுக்காகத் தாங்கிய வனப்பு" கழியட்டும், பேய்வடிவு தா என்று கேட்கிறார். பேய். முதுமை இல்லை ஐயா, பேய்.

செம்போத்து: பெயரில் என்ன இருக்கிறது? அவரே பாடிய மூத்த திருப்பதிகம் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்றுதான் தொடங்குகிறது, மார்பு வற்றி நரம்பு புடைத்து என்று. புறநானூறு 278இல் நரம்பெழுந்து உலறிய தோளோடு வருபவள் யார்? முதியோள். அதே சொல், அதே உடம்பு. வற்றிப்போனால்தான் ஊர் அவளைச் சும்மா விடுகிறது, அவ்வளவுதான் நான் சொன்னது.

ஓலைக்கிறுக்கன்: அரை அடியோடு நிறுத்திவிட்டீர்களே. அடுத்த அடியையும் படித்தால் "இரு பற்கள் நீண்டு" என்று வருகிறது. எந்தக் கிழவிக்கு ஐயா பல் நீளும்? இருப்பதும் விழும். அடுத்த பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன்னைக் "கனல்வாய் எயிற்றுக் காரைக்காற் பேய்" என்கிறார். அங்கேயும் பல்.

வெட்டிவேர்: ஒரு சின்ன விஷயம். "கொங்கை திரங்கி" பாட்டில் வருவது "ஓர் பெண்பேய்". ஆலங்காட்டில் அலறும் ஏதோ ஒரு பேய். அம்மையார் தன்னைச் சொல்லவே இல்லை. இரண்டு பேரும் வேறு யாருடைய பல்லுக்கோ அடித்துக்கொள்கிறீர்கள்.

ஓலைக்கிறுக்கன்: வெட்டிவேர், போன மாதம் ஆண்டாள் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து குட்டையைக் குழப்பிவிட்டுப் போனீர்கள். நான் மறக்கவில்லை.

வெட்டிவேர்: அதில் நான் சொன்னதுதான் சரி. "மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்" என்றவள் கிழவியும் இல்லை, பேயும் இல்லை. இளமையை வைத்துக்கொண்டே சொன்னாள். உங்கள் இருவர் கட்சியும் அங்கேயே அவுட்.

செம்போத்து: சொன்னாள், சரி. அப்புறம் கதை அவளை என்ன செய்தது? அரங்கனோடு கலக்க வைத்துவிட்டது. ஊரில் நடமாட விட்டதா?

நடுச்சாமம்: மங்கையர்க்கரசியாரை ஏன் எல்லாரும் மறக்கிறீர்கள்? சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்துப் பாண்டியனையே சைவத்துக்குத் திருப்பிய பட்டத்தரசி. கிழவியா அவர்?

செம்போத்து: அரசிக்கு அதிகாரம் இருந்ததாம். பெரிய கண்டுபிடிப்பு. நான் கேட்டது சாதாரணப் பெண்ணை.

ஓலைக்கிறுக்கன்: வணிகன் பெண்டாட்டியான காரைக்கால் அம்மையார் சாதாரணப் பெண்தானே, அவருக்கே திரும்புவோம். "ஊனடை வனப்பை எல்லாம் உதறி" என்கிறார் சேக்கிழார். உதறி! வயதானால் வனப்பு தானாக உதிரும், யாரும் உதற வேண்டாம். துணியில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி ஒரு சொல். உங்கள் இன்னொரு சாட்சி ஔவையும் தேறமாட்டார். புறம் 89இல் பகை அரசன் அவரை "மடவரல் உண்கண் வாணுதல் விறலி" என்றுதான் கூப்பிடுகிறான். மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி. கோலூன்றிய பாட்டி பிற்காலத்தார் செய்த வேலை.

செம்போத்து: அந்தப் "பிற்காலம்"தான் ஐயா இடைக்காலம்! சங்கத்தில் மை தீட்டியிருந்தவள் கையில் கோலைக் கொடுத்தது அவர்கள்தானே. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி.

ஓலைக்கிறுக்கன்: ஔவையை விடுங்கள். நான் பல்லைக் கேட்டேன், பதில் இல்லை.

நடுச்சாமம்: ஓலைக்கிறுக்கனை ஏன் எல்லாரும் "ஐயா" என்கிறீர்கள்? முன்பு ஒருமுறை தன்னை அக்கா என்றாரே.

செம்போத்து: பெண்ணா? ஆணைப்போல அல்லவா அடித்துப் பேசுகிறார்.

ஓலைக்கிறுக்கன்: ஓஹோ, அடித்துப் பேசினால் ஆணா? இதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். முதலில் பல். இரண்டு பதிகத்தையும் நாளை முழுதாகத் தட்டச்சு செய்து போடுகிறேன், "திரங்கி" என்றால் முதுமைதான் என்று எந்த உரையில் இருக்கிறது, கொண்டு வாருங்கள்.

செம்போத்து: 278ஐ இன்னும் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது.