சின்ன இன்ஃப்ளூயன்சர்களை வைத்துத் தேர்தல் பிரச்சாரம்: எந்த ஏஜென்சியை நம்புவது?

மலர்விழி_களம் கேட்டது:

வணக்கம். சுயேச்சையாக நிற்கும் ஒரு வேட்பாளரின் பிரச்சாரத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெரிய கட்சிகளுக்கு இருப்பது போல ஐடி விங் எங்களுக்குக் கிடையாது. தொகுதிக்குள்ளேயே இருக்கும் சின்ன இன்ஃப்ளூயன்சர்களைப் பேசவைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஐயாயிரம் முதல் ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸ் வரை வைத்திருப்பவர்கள். சமையல், விவசாயம், வேலைவாய்ப்புச் செய்தி, பள்ளிப் பாடம் என்று பேசுகிறவர்கள். ஒவ்வொருவரையும் நாங்களே தேடிப் பிடித்து, பேசி, வீடியோ பார்த்து, பணம் கொடுத்து, கணக்கு எழுத ஆள் இல்லை. அதனால்தான் ஏஜென்சி.

மூன்று பேர் வந்து பேசினார்கள். முதல் ஏஜென்சி பெரிய பட்டியல் காட்டுகிறது, இத்தனை லட்சம் வியூஸ் உத்தரவாதம் என்கிறது. பேசுகிறவர்களுக்கு வேட்பாளர் பெயரே தெரியவேண்டாம், ‘நல்ல தலைவர் எப்படி இருக்கவேண்டும்’ என்று பொதுவாகப் பேசச் சொல்லலாம் என்கிறது. இரண்டாவது ஏஜென்சி இதுவரை சோப்பு, துணி மாதிரி பொருட்களுக்குத்தான் செய்திருக்கிறது, அரசியல் புதிது. மூன்றாவதுக்குத் தேர்தல் அனுபவம் நிறைய. ஆனால் இப்போது வேறு யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். ‘கட்டண விளம்பரம்’ என்ற லேபிள் போட்டால் ரீச் அடிவாங்கும், போடவேண்டாம் என்றும் சொன்னார்கள்.

என்ன கேள்வி கேட்டால் இவர்களை எடைபோட முடியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பின்னணி_வேலை பதில்:

மலர்விழி, நான் ஏஜென்சிக்குள்ளேயும் இருந்திருக்கிறேன், வேட்பாளர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஏஜென்சியை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அவர்கள் சொன்ன அதே யோசனை ருமேனியாவில் 2024 குடியரசுத் தலைவர் தேர்தலில் நடந்தது. வேட்பாளர் பெயர் சொல்லாமல், எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் என்று பேச இன்ஃப்ளூயன்சர்களுக்குப் பணம் போனது. வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் வந்து குவிந்தது ஒரே வேட்பாளரின் பெயர். நவம்பர் 24 முதல் சுற்றில் அவர் முதலிடத்துக்கு வந்தார். டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. ரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த வீடியோக்களுக்குப் பணம் கொடுத்தது வேறொரு கட்சி என்று பிறகு செய்தி வந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஒருவர் பணம், இன்னொருவருக்கு ஓட்டு. பெயர் சொல்லாத வீடியோவை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பேசுகிற பிள்ளைகளுக்கு யாருக்காகப் பேசுகிறோம் என்றே தெரியாதது. சின்ன இன்ஃப்ளூயன்சரிடம் நாம் வாங்குவது அவர் மீது ஊர் வைத்திருக்கும் நம்பிக்கையை. அதை அவருக்கே சொல்லாமல் விற்கிற ஏஜென்சி நாளைக்கு உங்களிடமும் எதையாவது மறைக்கும். ஆகவே யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி: ‘இன்ஃப்ளூயன்சரோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தின் நகலைக் காட்டுங்கள்.’ அதில் வேட்பாளர் பெயர் இருக்கிறதா, பிடிக்காவிட்டால் மறுக்கும் உரிமை இருக்கிறதா, லேபிள் போடுவது கட்டாயமா, எவ்வளவு நாளில் பணம் வரும் என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வியூஸ் உத்தரவாதம் என்பதே எனக்கு அபாய மணி. இத்தனை லட்சம் என்று முன்கூட்டியே சத்தியம் செய்கிறவர் கடைசியில் விலைக்கு வாங்கித்தான் கணக்கை நிரப்புவார். உங்களுக்கு வேண்டியது உங்கள் தொகுதியில் ஓட்டு இருக்கிறவர்களின் கண்கள். இருபதாயிரம் ஃபாலோயர்ஸ் இருக்கும் ஒருவருக்கு அதில் முக்கால்வாசிப் பேர் வேறு மாநிலம், வேறு நாடு என்றால் என்ன பயன்? கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று சொல்லும் இன்சைட்ஸ் பக்கத்தில் ஊர்வாரியாகக் காட்டும். ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள், அதைத் திருத்துவது சுலபம். இன்ஃப்ளூயன்சர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நகர்த்திக் காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். ஃபாலோயர்ஸ் எந்த ஊர் என்பதோடு, சமீபத்திய ரீல்ஸைப் பார்த்தவர்கள் எந்த ஊர் என்பதும் வேண்டும். இரண்டும் பல நேரம் ஒத்துப்போகாது.

அப்புறம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கமெண்ட்களைப் படியுங்கள். எல்லா வீடியோவிலும் அதே சில பேர் வந்து இதயமும் நெருப்பும் போட்டுவிட்டுப் போனால், அது ஒருவருக்கொருவர் கமெண்ட் போட்டுக்கொள்ளும் குரூப். ‘அண்ணா, இந்த உரம் எங்க மண்ணுக்குச் சரிவருமா?’ என்று கேள்வி வருகிற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. நான் அப்படிப்பட்ட நாலாயிரம் ஃபாலோயர்ஸ்காரரைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது ஏஜென்சி இரண்டு பக்கமும் வேலை செய்யக்கூடும். அதுவே குற்றமில்லை. ஆனால் ஒரே தொகுதியில் எதிர் வேட்பாளருக்கு அதே குழு வேலை செய்யாது என்று எழுதித் தரவேண்டும். மழுப்பினால் வேண்டாம்.

---

சின்ன_சேனல் பதில்:

மலர் அக்கா, நான் அந்தப் பக்கத்து ஆள். வேலைவாய்ப்புச் செய்தி சொல்லும் சேனல் வைத்திருக்கிறேன். ஒரு ஏஜென்சி மூலம் அரசியல் வீடியோ செய்தேன், அதனால் சொல்கிறேன்.

வந்தது ஒரே ஸ்கிரிப்ட், எல்லோருக்கும். ‘நம் பகுதியின் வளர்ச்சிக்கு’ என்று ஆரம்பிக்கும். எங்கள் சேனல்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். அடுத்தடுத்து நான்கு பேர் அதே வாக்கியத்தைப் பேசினால் தெரியாதா? ‘எவ்வளவு வாங்கின?’ என்று கமெண்ட் வந்தது. எனக்கு மனசே விட்டுப்போச்சு. நான் பேசியதில் பொய் இல்லை, ஆனால் என் வார்த்தையும் அதில் இல்லை.

பணம் தேர்தல் முடிந்த பிறகு என்றார்கள். முடிவு வந்ததும் ஏஜென்சியில் யாரும் போனை எடுக்கவில்லை. தோற்ற வேட்பாளரிடமிருந்து எங்களுக்கே வரவில்லை என்று ரொம்ப நாள் கழித்து ஒரு மெசேஜ். அதனால் அக்கா, ஏஜென்சிக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் எங்கள் பங்கு எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீடியோ ஏறிய வாரத்திலேயே எங்களுக்குப் பணம் வரவேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டால் மட்டும்தான் அது நடக்கும். எங்களால் போட முடியாது.

இன்னொன்று. இதற்கு முன் வேலை செய்த இன்ஃப்ளூயன்சர்கள் இரண்டு மூன்று பேரின் நம்பரை ஏஜென்சியிடம் வாங்கி, ஏஜென்சிக்காரர்கள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். ‘மறுபடி இவர்களோடு வேலை செய்வீர்களா?’ என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

---

வரவு_செலவு பதில்:

மேடம், கணக்குப் பக்கம் கொஞ்சம். இது தேர்தல் செலவு. இந்தியாவில் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தலிலேயே, சமூக ஊடகத்தில் விளம்பரத்துக்குக் கொடுப்பது, உள்ளடக்கம் தயாரிக்க ஆகும் செலவு, அந்தக் கணக்குகளைப் பராமரிப்பவர்களின் சம்பளம் எல்லாம் வேட்பாளர் செலவில் சேரும் என்று இருக்கிறது. ஆகவே ‘பாதி பில், பாதி கையில்’ என்று சொல்லும் ஏஜென்சி உங்கள் வேட்பாளரை மாட்டிவிடும். ஒவ்வொரு வீடியோவுக்கும் லிங்க், தேதி, கொடுத்த தொகை, ரசீது ஒரே தாளில் வரவேண்டும். பணத்துக்குப் பதில் போன், பரிசுக் கூப்பன் கொடுத்தாலும் அதன் மதிப்பை எழுதச் சொல்லுங்கள்.

மற்ற நாடுகளில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பர வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2025 அக்டோபர் 10 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதை ஒட்டி மெட்டாவும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் நிறுவனம்) கூகுளும் அங்கே அரசியல் விளம்பரமே எடுப்பதில்லை. டிக்டாக் 2019-லேயே அரசியல் விளம்பரத்தைத் தடை செய்தது; இன்ஃப்ளூயன்சருக்குப் பணம் கொடுத்துப் பேசவைப்பதும் அந்தத் தடைக்குள் வரும். எந்தத் தளத்தில் என்ன விதி என்று ஏஜென்சி தானாகவே சொல்லவேண்டும். நீங்கள் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும் என்றால் எதற்குக் கூலி?

பிரச்சாரம் செய்யக்கூடாத அமைதிக் காலத்தையும் மறக்காதீர்கள். இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம். பல பேர் வீடியோவை முன்கூட்டியே ஷெட்யூல் செய்து வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ‘அந்த இரண்டு நாளில் எதுவும் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், யார் பொறுப்பு?’ என்று பெயரோடு பதில் வாங்குங்கள்.

---

மலர்விழி_களம்:

மூன்று பேருக்கும் நன்றி. முதலாவதை நிறுத்திவிட்டோம். மூன்றாவது ஏஜென்சி எழுதித் தர மறுத்துவிட்டது. இரண்டாவது மிஞ்சுகிறது, ஆனால் அரசியல் அனுபவம் இல்லாததுதான் பயம். லேபிள் போட்டால் ரீச் குறையும் என்பது உண்மையா? வீடியோவை யார் பார்த்து அனுமதிப்பது? வேட்பாளர் எல்லாவற்றையும் தானே பார்க்கவேண்டும் என்கிறார்.

---

பின்னணி_வேலை பதில்:

சிலருக்குக் குறையலாம். குறைந்தாலும் போடுங்கள். 2020-ல் அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முயன்ற மைக்கேல் புளூம்பெர்க்கின் பிரச்சாரம் மீம் பக்கங்களுக்குப் பணம் கொடுத்துப் பதிவு போடவைத்தது. விளம்பரம் என்று பதிவிலேயே சொன்னதால், அதைப் பற்றிய விவாதம் திறந்த வெளியில் நடந்தது. அதே வருடம் இன்னொரு மார்க்கெட்டிங் நிறுவனம் இளைஞர்களை வைத்து, சொந்தக் கருத்து போலவே ஒரே மாதிரி கமெண்ட்களைப் பரப்பியது. ஃபேஸ்புக் அந்தக் கணக்குகளை நீக்கி, நிறுவனத்தையே தடை செய்தது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது இப்படி ஒன்று நடந்தால் உங்களுக்கு மறுபடி எழ நேரம் இருக்காது. மேலும், நன்றாகப் போகும் வீடியோவைப் பிறகு பூஸ்ட் செய்ய (தளத்துக்குப் பணம் கட்டி இன்னும் பலருக்குக் காட்ட) நினைத்தால் அது மெட்டாவில் அரசியல் விளம்பரமாகிவிடும். அடையாளச் சரிபார்ப்பும் ‘பணம் செலுத்தியவர்’ வரியும் வேண்டும். சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பியுங்கள்.

இரண்டாவது ஏஜென்சியின் அனுபவக் குறையை நீங்கள் ஈடுகட்டலாம். தொகுதியும் பிரச்சினைகளும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஆட்களைக் கையாளத் தெரிந்தால் போதும். ஸ்கிரிப்ட் கொடுக்கவேண்டாம். வேட்பாளர் என்ன செய்வேன் என்கிறார், அதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எதிர் வேட்பாளரின் குடும்பம், சாதி, மதம் பற்றிப் பேசக்கூடாது. செயற்கை நுண்ணறிவில் யார் குரலையும் உருவாக்கக்கூடாது. இல்லாத வாக்குறுதியைச் சொல்லக்கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். மீதியை அவரவர் பாணியில் பேசட்டும். விவசாய சேனல்காரர் தண்ணீர் பற்றிப் பேசுவார், சின்ன_சேனல் மாதிரி இருப்பவர் வேலை பற்றிப் பேசுவார். ஒரு குறையைச் சுட்டிக்காட்டினாலும் நீக்கச் சொல்லாதீர்கள். அதுதான் மீதிப் பேச்சை நம்பவைக்கும்.

அனுமதி வேட்பாளரிடம் போகக்கூடாது. அவர் பிரச்சார வண்டியில் இருப்பார், வீடியோ நாள் கணக்கில் காத்திருக்கும், அதற்குள் விஷயம் ஆறிப்போகும். உங்கள் பக்கம் ஒருவர், ஏஜென்சி பக்கம் ஒருவர், அனுப்பிய அன்றே பதில். அவர்கள் பார்க்கவேண்டியது மூன்றுதான்: தகவல் சரியா, சட்டம் மீறுகிறதா, லேபிள் இருக்கிறதா. உச்சரிப்பையும் சட்டை நிறத்தையும் திருத்த உட்கார்ந்தால் இன்ஃப்ளூயன்சர் அடுத்த வீடியோவுக்கு வரமாட்டார்.

முழு ஒப்பந்தம் இப்போதே போடாதீர்கள். ஐந்து பேரை வைத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்ப்பது பற்றி ஒரு வாரம் செய்யச் சொல்லுங்கள். ரிப்போர்ட் எப்போது வருகிறது, இன்ஃப்ளூயன்சருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா, தொகுதிக்குள்ளிருந்து எத்தனை கேள்வி வந்தது என்று பார்த்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடுங்கள். இடையில் நிறுத்தும் உரிமை உங்களுக்கு வேண்டும். அப்படி நிறுத்தினாலும் அதுவரை பேசியவர்களுக்கு முழுப் பணமும் போகவேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.