டா நாங் போகிறோம், பொழுது சாய்ந்த பிறகு என்ன செய்வது?

கொலுசுப்பட்டறை (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம். நாங்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் வெள்ளித் தொழில்தான். ஆடி பிறந்தால் கல்யாண ஆர்டர் குறைந்துவிடும், பட்டறையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளியில் வியட்நாமில் டா நாங் போய் வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து டா நாங். திங்கள் இறங்கி வெள்ளி விடியலில் கிளம்புவதாகத் திட்டம், வாரநாளில் டிக்கெட் மலிவு. இன்னும் பணம் கட்டவில்லை. பகலில் எங்கெங்கே போவது என்பது வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது. தங்கப் பாலம், பளிங்கு மலை, ஹோய் ஆன். சந்தேகமெல்லாம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்தான். கூட வருகிறவர்களில் ஒருவன் 'நைட் லைஃப், நைட் லைஃப்' என்று ஆறு மாதமாக உயிரை எடுக்கிறான். இன்னொருவன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். நான் பத்து மணிக்குத் தூங்குகிற ஆள். எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டியாச்சு, ஆட்டம் பாட்டம் என்று போய் அசிங்கப்பட்டு வர விருப்பமில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஐந்துரோடு

டிராகன் பாலம் பாருங்க. செம.

கிழங்குமாவு (ஆத்தூர்)

தம்பி, இன்னும் பணம் கட்டாதது நல்லதாகப் போயிற்று. திங்கள் முதல் வெள்ளி என்கிற திட்டத்தை விடுங்கள். ஐந்துரோடு சொல்கிற அந்தப் பாலம் தீ கக்குவதும் தண்ணீர் பீய்ச்சுவதும் வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு. நீங்கள் சொல்கிற நாளில் போனால் விளக்கு மட்டும் நிறம் மாறி மாறி எரியும், பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

போன வருஷம் சித்திரையில் நானும் என் மச்சானும் போனோம். எனக்குச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை. மச்சான் நூறு கிலோ. அவர் எடையை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் ராத்திரிப் பொழுது முக்கால்வாசி பிளாஸ்டிக் ஸ்டூலில்தான் கழிகிறது. முழங்கால் உயரம்கூட இருக்காது, நம் ஊர் எல்.கே.ஜி. பிள்ளைக்குப் போடுகிற அளவு. மச்சான் உட்கார்ந்ததும் நாலு காலும் நாலு திசைக்கு விரிந்துவிட்டது. கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே வந்து மூன்று ஸ்டூலை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக் கொடுத்தார். அதற்கப்புறம் போகிற கடையிலெல்லாம் மச்சான் யாரையும் கேட்காமல் மூன்றாக அடுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பாலம் 666 மீட்டர் நீளம், 2013 மார்ச்சில் திறந்தது. டிராகனின் தலை ஹான் ஆற்றின் கிழக்குக் கரையில், வால் மேற்கில். எட்டேகாலுக்கெல்லாம் தலைப் பக்கம் போய்விடுங்கள். ஒன்பதுக்கு முன்பே பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், ஜனம் பாலத்தின் மேலேயே ஏறி நிற்கிறது. முதலில் தீ. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தும்போது முன்வரிசையில் நிற்பவன் முகத்தில் ஒரு சூடு அடிக்குமே, அதேதான். அப்புறம் தண்ணீர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. மச்சான் தலையிலிருந்து செருப்பு வரை நனைந்தார், அவர் செல்போன் மறுநாள் மதியம்தான் உயிர் வந்தது. நான் தள்ளி நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்பது என்றால் இங்கே ஏழரை, சீரியல் நேரம். என் வீட்டுக்காரி சத்தத்தைக்கூடக் குறைக்காமல் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள கேஸ் சிலிண்டர் வெச்சிருப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது முடிந்ததும் அறைக்குப் போகாதீர்கள். அதே கரையில் நடக்கிற தூரத்தில் சோன் ட்ரா இரவுச் சந்தை. சிப்பி, இறால், கணவாய் எல்லாம் கரியில் வாட்டிக் கொடுக்கிறார்கள். எடை போடுவதற்கு முன்னால் விலையைக் கேளுங்கள், எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் வெள்ளிக்காரர்கள், தராசைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாங்கள் ஏமாந்தது சந்தையில் இல்லை, கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய கடையில் (பெயர் வேண்டாம்). இறாலைத் தண்ணீர் வடிக்காமல் வாளியோடு நிறுத்தார்கள். மேஜையில் தானாக வந்த வேர்க்கடலைக்கும், டப்பென்று உடைத்துக் கை துடைத்த ஈரத் துண்டுக்கும் தனித்தனியாகக் காசு. ஈரத் துண்டுக்குக் காசு கேட்பது அந்த ஊர் வழக்கம் என்று பிற்பாடு தெரிந்தது, அதைக் குறை சொல்லவில்லை. வாளி விஷயம் வேறு.

காசைப் பற்றி ஒன்று. நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். மூன்று சைபரை அடித்துவிட்டு மூன்றால் பெருக்கி, கொஞ்சம் மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் டாங் என்றால் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ஆனால் 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் ரெண்டுமே நீலம். இருட்டில், அதுவும் ரெண்டு பியருக்கு அப்புறம், வித்தியாசமே தெரியாது. இளநீர்க்காரப் பெண்ணுக்கு நான் பெரிய நோட்டை நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிட்டேன். அந்தப் பெண் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, நோட்டை என் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டி, ஏதோ திட்டினார். தாயார் திட்டுகிற மாதிரி இருந்தது. பெரிய நீலத்தைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

பியர் லாரூ என்று ஒன்று, அங்கே எல்லா மேஜையிலும் அதுதான். கிளாஸில் ஐஸ் கட்டியைப் போட்டு அதன் மேல் ஊற்றுவார்கள். மச்சான் முதல் நாள் முகம் சுளித்தார், மூன்றாம் நாள் ஐஸ் இல்லையென்று சண்டைக்குப் போனார். ஒரு ராத்திரி ஆற்றோரக் கடையில் பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம், தாத்தா முதல் கைக்குழந்தை வரை. தாத்தா எங்களைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கி, "மொத், ஹாய், பா, யோ!" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று, போடு என்று அர்த்தம். கடையே சேர்ந்து கத்தியது. இதுதான் தம்பி நான் பார்த்த நைட் லைஃப்.

கடைசியாக என் தொழில் விஷயம், மன்னிக்கவும். பான் பொத் லொக் என்று ஒரு பலகாரம். வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைத்தது. பிரித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இறால் சிவப்பாகத் தெரியும். வாயில் போட்டதும் பல்லில் ஒட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. முப்பது வருஷமாகக் கிழங்கு மாவில் கை வைத்தவன் நான், யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அத்தனையும் மரவள்ளிக் கிழங்கு மாவு! வெயிலில் ஜவ்வரிசி காயப் போடுகிற நமக்கு அதை இப்படி இலையில் மடிக்கலாம் என்று தோன்றியதா? நான் ஒன்பது சாப்பிட்டேன்.

லூப்ரோடு (ஏற்காடு)

அண்ணா, சைவக்காரருக்காக எழுதுகிறேன். நான் அம்மாவோடு போனேன், அம்மா வெங்காயம் பூண்டுகூட யோசிப்பவர். 'சாய்' என்ற சொல்லை மட்டும் அவரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். சி, எச், ஏ, ஒய் என்று நாலு ஆங்கில எழுத்தில் போர்டு தொங்கினால் அது சைவக் கடை, உள்ளே புத்த சைவம்தான். சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் காய்கறிதான் வரும், மேலே மீன் சாற்றை ஊற்றிக் கொண்டு வருவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அசைவக் கணக்கிலேயே சேராது. சந்திரக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று போனால் சைவக் கடையில் உட்கார இடமே இருக்காது.

தங்கப் பாலம் பா நா மலைமேல். மலை 1487 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடு உயரம். நாம் இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி ஏறுகிறோம், அங்கே 5,801 மீட்டர் நீளத்துக்கு ரோப் காரில் ஒரே மூச்சாகத் தூக்கிப் போய்விடுகிறார்கள். அந்த ரோப் கார் அருமை, அதை மறுக்கமாட்டேன். மேலே? பாசி பிடித்த இரண்டு பெரிய கல் கைகள் பாலத்தைத் தாங்குகிற மாதிரி இருக்கும், உண்மையில் ஃபைபர் கிளாஸும் கம்பி வலையும். 2018இல் திறந்தது. 1919இல் பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி ஏறிய மலை அது, நம் ஊருக்குக் காக்பர்ன் துரை காபி கொண்டு வந்த கதை மாதிரிதான். பழைய பிரெஞ்சு வீடுகள் சண்டையில் போய்விட்டன, இப்போது இருக்கிற பிரெஞ்சு கிராமம் புதிதாகக் கட்டியது. டிக்கெட் தலைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல். பாலத்தில் நின்றோம், மேகம் வந்து மூடிக்கொண்டது, எதிரே நின்ற அம்மாவே தெரியவில்லை. ஏற்காட்டுக்காரி நான், மூவாயிரம் கொடுத்து மேகம் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தக் காசில் பாதிகூட ஆகாது, சாம் சிற்ப மியூசியம் போங்கள். கிழங்குமாவு அண்ணன் சொன்ன டிராகனின் வால் பக்கம்தான், சாயந்திரம் மூடிவிடுவார்கள், பகலிலேயே முடித்துவிடுங்கள். சிவன், பிள்ளையார், ஆவுடையாரோடு லிங்கம், எல்லாம் அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம்பா ராஜாக்கள் காலத்தது. மி சோன் என்ற இடத்தில் அவர்கள் நான்காம் நூற்றாண்டிலேயே பத்ரேசுவரர் என்று சிவனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டில் பெரிய கோபுரம் தரைமட்டமாயிற்று. நம் இந்தியத் தொல்லியல் துறைக்காரர்கள் அங்கே செப்பனிடும்போது 2020இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த லிங்கம் கிடைத்தது. மியூசியத்தில் ஒரு லிங்கத்துக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். பிறகு மெதுவாக, "ஒரு பூகூட இல்லாம நிக்கிறாரே" என்றார். பர்ஸிலிருந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டு நகர்ந்தார்.

ராத்திரிக்கு நாங்கள் ஹோய் ஆன் போனோம், முப்பது கிலோமீட்டர். சந்திரக் கணக்கில் பதினாலாம் நாள் என்றால் பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துவிட்டு லாந்தர் மட்டும் வைப்பார்கள். பஞ்சாங்கம் பார்த்து அந்த நாள் உங்கள் தேதிக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

லீபஜார் பையன் (இப்போது பெங்களூரு)

நைட் லைஃப் கேட்கிற அண்ணனுக்கு: ஆன் துவாங் தெருக்களில் அறை எடுங்கள். மி கே கடற்கரைக்குப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற பகுதி, சின்னச் சின்ன பார்கள், நடந்தே போய் நடந்தே திரும்பலாம். ஆற்றங்கரையில் மொட்டைமாடி பார்களும் உண்டு. பெங்களூரு அளவுக்கு எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஊர் சீக்கிரம் தூங்கி விடிகாலை ஐந்துக்குக் கடலில் குளிக்க எழுந்துவிடுகிறது. ரோட்டில் பைக்கில் வந்து 'கரோக்கே, மசாஜ்' என்று கூப்பிடுபவனோடு மட்டும் போக வேண்டாம். என் ரூம்மேட் ஒருமுறை போனான், பில்லைப் பற்றி இன்றைக்கும் வாய் திறக்கமாட்டான்.

பைக் வேண்டாம். நம் ஆர்.டி.ஓ. கொடுக்கிற சர்வதேச லைசென்ஸ் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி, வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 ஒப்பந்தம். வாடகைக்குக் கொடுப்பவன் அதையெல்லாம் கேட்கமாட்டான், விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரன் கேட்பான். ஒரே ஒரு பியர் குடித்துவிட்டு ஓட்டினாலும் அங்கே குற்றம்தான், அளவு சைபர். கிராப் ஆப்பில் கார் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். யாராவது வேப் (மின்சிகரெட்) பிடிப்பவராக இருந்தால் இங்கேயே விட்டுவிட்டு வரட்டும், 2025 முதல் தடை. விசா ஆன்லைனில் 25 டாலர். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், இனிஷியலில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறோம்.

கொலுசுப்பட்டறை

எல்லாருக்கும் நன்றி. வெள்ளி இறங்கி செவ்வாய் கிளம்புவதாக மாற்றியாச்சு, தலைக்கு ஆயிரத்து எண்ணூறு கூடுதல். சைவக்காரன் 'சாய்' என்பதை நோட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான், தட்டுவடையும் இரண்டு கிலோ சொல்லியிருக்கிறான்.

ஒரு சிக்கல். நேற்று ராத்திரி இதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தாவும் கைக்குழந்தையும் உட்கார்ந்திருக்கிற இடம்தான் நைட் லைஃப் என்றால் நாங்கள் மட்டும் ஏன் வரக்கூடாது என்று வீட்டில் கேள்வி வந்துவிட்டது. காலைக்குள் மற்ற மூன்று வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது எட்டுப் பேர். நைட் லைஃப் கேட்டவன் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

கிழங்குமாவு (ஆத்தூர்)

எட்டுப் பேர் என்றால் கிராப்பில் ஏழு சீட்டர் ஒன்று போதாது, ரெண்டு வண்டி கூப்பிடுங்கள். பெண்கள் வருவதால் ஹோய் ஆனில் துணிக்கடைப் பக்கம் போகும்போது பர்ஸ் யார் கையில் என்பதை இங்கேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே அளவெடுத்து மறுநாளே தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், யோசிக்க நேரம் கிடைக்காது.